கெண்டைக்காலுக்கு நான் வைத்த தலைப்பு

என் மனைவி பூப்பந்தை விட்டுவிட வேண்டும் என்று முதலில் சொன்னது என் அக்கா. இரண்டாவதாகச் சொன்னது மருந்துக்கடை அண்ணாச்சி. மூன்றாவது ஆள் நான். வாய் திறக்காமல், ஒரு மாதம் சும்மா இருந்ததன் மூலம் சொன்னேன்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை, ஐந்தும் நின்றுகொண்டுதான். மாலை ஐந்து மணிக்கு மைதானம். பூப்பந்து தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, கையில் மட்டை, கம்பளி நூலால் சுற்றிய மஞ்சள் பந்து. பந்து தரையைத் தொடக்கூடாது. இவள் ஆடுவது பின்வரிசையில். பின்வரிசையில் நிற்பவர் குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் நின்றே பாதி ஆட்டத்தை ஆடிவிடுவார். கல்லூரி அணியில் ஆடியவள். பிறகு வேலை, பிள்ளை, என் அம்மாவின் படுக்கை என்று இருபது வருடம் மட்டையைத் தொடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் மறுபடி ஆரம்பித்தாள். வாரத்துக்கு இரண்டு நாள்.

இந்த வருடம், நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு வள்ளியூரில் ஒரு போட்டி நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. அணித்தலைவி ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். இனி வாரம் ஆறு நாளும் பயிற்சி என்று சொல்லிவிட்டார். இவள் ஆறு நாளும் போனாள். பத்தாவது நாள் இரவு ஆரம்பித்தது.

நல்ல தூக்கத்தில் இடது கெண்டைக்கால் சதை திரண்டு கல்லாகிவிடும். பாதம் தன் பாட்டில் கீழ்நோக்கி வளையும். தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துத் தைத்தது போல இருக்கும். இரண்டு நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம். விட்ட பிறகும் மறுநாள் மதியம் வரை அந்த இடம் அடிபட்டதுபோல நோகும். அந்தக் காலோடு அவள் ஐந்து பாடவேளை நிற்பாள். எங்கள் பக்கத்தில் இதைக் குரக்களி என்பார்கள். மருத்துவர்கள் தசைப்பிடிப்பு என்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையை நான் செய்தேன். குறிப்பெடுத்தேன். முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவன். முதலில் நிருபர், பிறகு ஓய்வுபெறும்வரை துணையாசிரியர். தேதி, மணி, எந்தக் கால், எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன்.

"பொண்டாட்டி காலைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும்போது பேனாவைத் தேடுத மனுசன் இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டேன்.

விஷயம் எப்படியோ என் அக்கா காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் நின்றபோது, நாலு பேர் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, பேரன் எடுக்குத வயசுல உனக்கு எதுக்குட்டி பந்து? உடம்பு வேண்டாம்னு சொல்லுது. கேட்டுக்கோ."

"மைனி, உங்க வீட்டு அண்ணனுக்கு முழங்கால் வீங்குனப்ப நடையை விடச் சொல்லி ஒருத்தரும் சொல்லலியே."

"அவுஹ ஆம்பிளை. ரிட்டையர் ஆயாச்சு. பொழுது போவணும்லா?"

அக்கா கெட்டவள் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. அவள் கணவருக்கு அறுபத்தாறு வயது. முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு தினமும் காலையில் வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புகிறார். அவருக்கு முழங்கால் வீங்கியபோது வீடு கூடி யோசித்தது, நல்ல காலணி வாங்கிக் கொடுத்தது, மகன் சென்னையிலிருந்து உறை அனுப்பினான். என்ன செய்தால் அவர் தொடர்ந்து நடக்க முடியும் என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது. இங்கே அப்படி ஒரு கேள்வியையே யாரும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் தீர்ப்பு. நோவு ஆணுக்கு வந்தால் அதற்கு வழி பார்க்கிறோம். பெண்ணுக்கு வந்தால், அவள் எதை அதிகமாகச் செய்தாள் என்று பார்க்கிறோம். பள்ளியில் ஐந்து பாடவேளை நிற்பதை விடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். அது சம்பளம் வருகிற நிற்பு.

போகும்போது அக்கா ஒரு வைத்தியமும் சொன்னாள். மெத்தைதான் நரம்பைக் கெடுக்கிறது, பத்தமடைப் பாயை விரித்துத் தரையில் படு என்றாள். வாங்கினோம். நல்ல பாய். பிடிப்பு நிற்கவில்லை.

அடுத்து மருந்துக்கடை அண்ணாச்சி. எங்கள் ஊரில் உடம்புக்குள் சதை என்று ஒன்றே கிடையாது, இருப்பதெல்லாம் நரம்புதான். கழுத்துப் பிடித்தாலும் நரம்பு, இடுப்புப் பிடித்தாலும் நரம்பு. அண்ணாச்சி கால் எங்கே நோகிறது என்று கேட்டார். பதில் வருவதற்குள் இரண்டு அட்டை மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இரத்த அழுத்தம் உண்டா, கால் வீங்குகிறதா, எதுவும் கேட்கவில்லை.

"நரம்பு தேஞ்சிரும் டீச்சர். கொஞ்ச நாளைக்கு ஆட்டத்தை நிறுத்திருங்க" என்றார்.

பின்னால் நின்றவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் வாங்க வந்தது இருமல் மருந்து.

இதற்கிடையில் வீட்டில் வாழைப்பழம் நிறைந்துகொண்டே போனது. இவள் பள்ளியிலிருந்து வரும்போது தினமும் வாங்கி வந்தாள். காலையில் ஒன்று, ஆட்டத்துக்கு முன் ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று. கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்துச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. முப்பது வருடம் அடுத்தவரைக் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவன், வீட்டில் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை மாலை, இரண்டு இரவு தொடர்ந்து தூங்காத முகத்தோடு, திருத்த வேண்டிய தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"சனிக்கிழமை வள்ளியூருக்குப் பேர் குடுக்கணும். என் பேரை எடுத்திரச் சொல்லப் போறேன்."

"எதுக்கு?"

"நடு ஆட்டத்துல கால் பிடிச்சா நாலு பேர் ஆட்டமும் போயிரும். நானும் ஒரு மாசமா உங்க பேப்பர் சொன்னபடிதான் செய்யுதேன். சரியாவலியே."

எங்கள் பேப்பர் என்ன சொன்னது என்று கேட்டேன். எழுந்து போய், சமையல் குறிப்பு எழுதும் நோட்டிலிருந்து மடித்து வைத்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வந்து போட்டாள். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. நாங்கள் வாரம் ஒருமுறை வெளியிட்ட மருத்துவக் கேள்வி பதில். பேட்டையில் ஒரு பட்டறையில் நின்றபடியே வேலை செய்யும் ஒருவர், இரவில் கெண்டைக்கால் பிடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: "கெண்டைக்கால் பிடிக்கிறதா? வாழைப்பழம் இருக்கக் கவலை ஏன்?"

அந்தத் தலைப்பை வைத்தது நான். எனக்கு அந்தக் கேள்விக்குறியைத் தெரியும். கேள்விக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று இரண்டு கேள்விக்குறி போட்டுத் தலைப்பு வைப்பது அந்த நாளில் என் கை வழக்கம். அலுவலகத்தில் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

பதிலைப் படித்தேன். முதல் பத்தி, இது பலருக்கும் வருவதுதான், பயப்பட வேண்டாம் என்றது. இரண்டாவது பத்தி, வாழைப்பழம் சாப்பிடச் சொல்வார்கள், தாராளமாகச் சாப்பிடலாம், கெடுதல் இல்லை என்றது. அதோடு முடிந்திருந்தது. முடிந்த இடத்துக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. செய்தியின் சாரம் முதல் பத்தியில் இருக்க வேண்டும், போகப்போக முக்கியம் குறைய வேண்டும். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் சுருங்கினால், துணையாசிரியர் படித்துப் பார்க்கத் தேவையில்லை. கீழேயிருந்து வெட்டலாம். சாலை விபத்துக்கும் சட்டசபைக்கும் அது சரியாக வரும். ஆனால் இந்தப் பதில்களை எழுதிய டாக்டர் நிருபர் இல்லை. நோயாளியிடம் பேசுவது போலவே எழுதுவார். முதலில் பயத்தைப் போக்குவார், பிறகு ஊர் சொல்வதைச் சொல்வார், பிறகு 'ஆனால்' என்று ஆரம்பிப்பார். வைத்தியம் எப்போதும் கடைசிப் பத்தியில் இருக்கும். எத்தனை வாரம், எத்தனை நோய்க்கு, அந்த 'ஆனாலை' நான் குப்பையில் போட்டிருக்கிறேன் என்று அன்று உட்கார்ந்து கணக்கிட முயன்றேன். முடியவில்லை. அந்தப் பக்கத்துக்கு விளம்பரம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

அக்கா மேலும் அண்ணாச்சி மேலும் ஒரு மாதமாக வளர்த்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர்கள் தெரியாமல் சொன்னவர்கள். நான் தெரிந்தவர் ஒருவர் எழுதியதை வெட்டிவிட்டு, மிச்சத்துக்குத் தலைப்பும் வைத்தவன்.

வியாழக்கிழமை அந்த டாக்டரைப் பார்க்கப் போனோம். மருத்துவமனையிலிருந்து ஓய்வுபெற்று, மாலையில் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கிறார். துண்டை நீட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"வாழைப்பழம் போதும்னு நான் எழுதலியே. மிச்சம் எங்கன?"

"வெட்டிட்டோம் டாக்டர். விளம்பரம் வந்துட்டு."

"யாரு வெட்டினா?"

"நாந்தான்."

அவர் சத்தம் போடவில்லை. துண்டை மடித்து என்னிடமே கொடுத்தார். "நீரு வெட்டினது பதிலை வே. விட்டு வச்சிருக்கது கேள்வியை" என்றார். அதற்குமேல் அன்று என்னிடம் அவர் அதிகம் பேசவில்லை.

இவளிடம் பேசினார். அண்ணாச்சி கேட்காததையெல்லாம் கேட்டார். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். நீர் பிரிய மாத்திரை உண்டா, கொழுப்புக்கு மாத்திரை உண்டா என்று தனியாகக் கேட்டார். அதில் சில, காலைப் பிடிக்க வைக்கும், ஆனால் அதற்காக யாரும் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது, எழுதிக்கொடுத்தவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்றார். இவளுக்கு எதுவும் இல்லை. இரண்டு கெண்டைக்காலையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார், வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்தார், பாதத்தில் நாடி பார்த்தார்.

பிறகு என் நோட்டை வாங்கினார். நான் கொஞ்சம் பெருமையாகவே கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டினார்.

"மணி இருக்கு, நிமிசம் இருக்கு. அன்னைக்கு ஆடினாங்களா இல்லையான்னு எங்கன எழுதியிருக்கு?"

எழுதவில்லை. நாள் முழுக்க அந்தக் கால் என்ன செய்தது என்பதற்கு என் நோட்டில் கட்டமே இல்லை. இவள்தான் நினைவிலிருந்து சொன்னாள். ஞாயிறு பயிற்சி கிடையாது, ஞாயிறு இரவு ஒருமுறைகூட வரவில்லை. தேதிகளை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டார். குப்புறப் படுப்பேன் என்றாள். பாயிலா மெத்தையிலா என்றார். பாய் என்றதும், தன் மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை நீட்டிக் காண்பித்தார். தரையில் குப்புறப் படுத்தால் பாதம் இப்படித்தான் நீண்டு கிடக்கும், கெண்டைச்சதை இரவெல்லாம் சுருங்கியே இருக்கும், பகலில் களைத்த சதை அந்த நிலையில் இழுத்துக்கொள்வது சுலபம் என்றார். பாய்மேல் குற்றம் இல்லையாம். மெத்தையில் கால் நுனியாவது விளிம்புக்கு வெளியே தொங்கியிருக்கும்.

"இது ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது டீச்சர். தெரிஞ்ச மாதிரி எழுதுதவனை நம்பாதிய" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

இவள் கடைசியில்தான் கேட்டாள். "ஆட்டத்தை விட்டுரணுமா டாக்டர்?"

"எதுக்கு?"

"எல்லாரும் சொல்லுதாங்க."

"எல்லாரும் ஆடுதாங்களா?" என்றார். "விட வேண்டாம். ரெண்டு நாள்ல இருந்து ஒரே தாவா ஆறு நாளுக்குப் போயிருக்கிய. பள்ளிக்கூடத்துல நிக்கதும் அதோட சேரும். நாலு நாள்ல நில்லுங்க. பைய ஏத்தலாம்."

பிறகு எழுந்து, நாட்காட்டி தொங்கிய சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துச் செய்து காட்டினார். எழுபதைத் தாண்டியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிகாலைத் தரையில் அழுத்தி நின்றார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவளும் பக்கத்தில் நின்று செய்தாள். அந்த அறையில் சும்மா நின்றவன் நான் ஒருவன்தான்.

இரண்டே இரவில் எதுவும் மாறிவிடவில்லை. வெள்ளி இரவுகூட வந்தது. ஆனால் சொல்லிக்கொடுத்தபடி முழங்காலை நீட்டி, கால் விரல்களைத் தன் பக்கமாக இழுத்தாள். கல் சீக்கிரமாகவே இளகியது. சனிக்கிழமை காலையில் அணித்தலைவியை அழைத்தாள். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, என் பேரைப் போட்டுருங்க. ஆனா வாரத்துக்கு நாலு நாள்தான் வருவேன். கால் பிடிக்கி."

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தில் பேசியதைப் போனை வைத்த பிறகு இவள் சொன்னாள். அணித்தலைவிக்கும் மூன்று வாரமாகப் பிடிக்கிறதாம். முன்வரிசையில் ஆடுகிற தபால் அலுவலகப் பெண்ணுக்கும் பிடிக்கிறதாம். வீட்டில் தெரிந்தால் போதும், ஆட்டத்தை விடச் சொல்லிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லையாம். ஒரே மைதானத்தில் தினமும் மாலை ஒரே பந்தை அடித்துக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி தெரியாமல் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். இவர்களில் யாரும் கோழைகள் இல்லை. நோவைச் சொன்னால் வைத்தியம் வராது, தடைதான் வரும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் ஆறவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பயிற்சி முடிந்ததும் ஐந்து பேரும் மைதானத்துச் சுற்றுச்சுவரில் கையை ஊன்றி வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். வழியில் போன ஒருவர், "சுவரு சாயுதாக்கும், தாங்குதியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். "நீங்களும் ஒரு கை பிடிங்க அண்ணாச்சி" என்றார் அணித்தலைவி, திரும்பாமலே.

நான் என் பங்குக்குப் பழைய அலுவலகத்தை அழைத்தேன். அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். இப்போது என் நாற்காலியில் இருப்பவர் மரியாதையானவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார்.

"ஒம்பது வருசத்துக்கு முந்தின வாழைப்பழத்துக்கு இப்ப திருத்தம் போட்டா ஊரே சிரிக்கும் அண்ணாச்சி."

பேட்டைக்காரர் சிரிக்க மாட்டார் என்றேன். அவர் யாரென்று என்னிடம் முகவரி கிடையாது. பட்டறையில் நின்ற கால்களோடு அவர் எத்தனை வருடம் வாழைப்பழம் சாப்பிட்டாரோ தெரியாது.

வள்ளியூரில் இவர்கள் அரையிறுதியில் தோற்றார்கள். இவள் மூன்று ஆட்டமும் முழுசாக ஆடினாள். கால் பிடிக்கவில்லை. திரும்பும் வேனில் தோல்விக்குக் காரணம் யார் என்பதைப் பற்றி வீடு வரும்வரை சண்டை நடந்ததாம். இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு முறை பிடிக்கிறது. எழுந்து உட்கார்ந்து, விரலை இழுத்து விட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறாள். மறுநாள் அவள் சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது. பாயை அக்காவுக்கே கொடுத்துவிட்டாள்.

இதை அச்சுக்குக் கொண்டுபோகிறவருக்கு ஒரு வேண்டுகோள். இடம் போதாவிட்டால் மேலேயிருந்து எதை வேண்டுமானாலும் எடுங்கள், என் அக்காவையும் சேர்த்து. இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று டாக்டர் எழுதி நான் வெட்டியதை, இப்போது அவரிடமே கேட்டு, ஆடுகிறவர்களுக்கு அவர் சேர்த்துச் சொன்னதோடு எழுதுகிறேன். கால் பிடித்தால் முழங்காலை நீட்டி விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள், அல்லது எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். இளகிய பிறகு பைய நீவிவிடுங்கள். படுக்கப்போகும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பட, முழங்கால் மடங்காமல், முன்னால் சாயுங்கள். முப்பது எண்ணும்வரை, ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, தினமும். பலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. பாதம் நீண்டு கிடக்கும்படி படுக்காதீர்கள், போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகாதீர்கள். வெயிலில் ஆடினால் தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். பயிற்சியைத் திடீரென்று கூட்டாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, வலி விடாமல் நின்றாலோ, கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, மருந்துக்கடைக்குப் போகாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வாழைப்பழம் பிடித்தால் சாப்பிடுங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. ஆட்டத்தை விட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.